ஈரமே இல்லாத வாய்ப்பெட்டி

"ஒரு சொட்டு வெளிய விழுந்துச்சு, அப்புறம் நடக்கிறதே வேற!" லாரி டிப்போவில் டீசல் பம்பைப் பார்த்துக்கொள்ளும் அக்கா ஒவ்வொரு டிரைவரையும் இப்படி மிரட்டித்தான் நாசிலைக் கையில் எடுப்பாள். ஒரு நாளைக்கு அறுபது லாரி என்றால் அறுபது மிரட்டல். அதனாலேயே அவளுக்குச் சொட்டக்கா என்று பேர் விழுந்துவிட்டது. நேரில் அக்கா, முதுகுக்குப் பின்னால் சொட்டக்கா. அவளுக்கும் இது தெரியும். தெரிந்தும் தெரியாத மாதிரி இருப்பாள். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

பெருமைப்பட என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் இருபத்தொரு வருஷம் ஒரே பம்பைக் கட்டிக்கொண்டு மாரடித்துப் பார்க்க வேண்டும். மற்ற டிப்போக்களில் பம்ப் இருக்கும் இடத்தில் கால் வைத்தால் வழுக்கும். அங்கே வேலை பார்ப்பவர்களின் செருப்பு வீடு வரைக்கும் வாடை பிடித்துக்கொண்டு போகும். இவளுடைய தரையில் அந்த வம்பு கிடையாது. நாசிலை லாரியின் டேங்கிலிருந்து எடுக்கும்போது மணிக்கட்டை ஒரு திருப்பு திருப்புவாள் பாருங்கள், நுனியில் தொங்கும் டீசல் அப்படியே உள்ளே போய்விடும். எத்தனையோ டிரைவர்கள் செய்து பார்த்தார்கள், எல்லாரும் சட்டையை நனைத்துக்கொண்டதுதான் மிச்சம்.

பம்புக்கு டீசல் வருவது தரைக்கு அடியில் புதைத்த பெரிய டேங்கிலிருந்து. வாரத்துக்கு இரண்டு முறை டேங்கர் லாரி வந்து அதை நிரப்பும். டேங்கின் வாய் தரை மட்டத்துக்குக் கீழே ஓர் இரும்புப் பெட்டிக்குள் இருக்கும். அதற்கு வாய்ப்பெட்டி என்று பேர். டேங்கர்க்காரர்கள் குழாயைக் கழற்றும்போது இரண்டு மூன்று லிட்டர் கொட்டும். அது மண்ணுக்குப் போகாமல் தாங்கிக்கொள்ளத்தான் அந்தப் பெட்டி. பிறகு அதைக் கப்பில் மொண்டு எடுத்துத் துணியால் துடைக்க வேண்டும்.

இந்த வாய்ப்பெட்டிதான் அவளுடைய இரண்டாவது பெருமை. டேங்கர் வந்து போனதும் ஆபீசில் அளவை எழுதி, கையெழுத்துப் போட்டு, அரை மணி நேரம் கழித்துக் கப்போடு வந்தால் உள்ளே மொள்ள ஒன்றும் இருக்காது. லேசான ஈரத்தைத் துணியால் ஒற்றினால் போதும். "நம்மகிட்ட வந்தா அவனுங்களுக்குப் பயம். அவனுங்களே மொண்டு துடைச்சிட்டுத்தான் போவானுங்க" என்று சொல்லிக்கொள்வாள். ஒரு வருஷம் பாதுகாப்பு ஆய்வுக்கு வந்தவர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு 'மிக நன்று' என்று எழுதிக் கொடுத்தார். அந்தக் காகிதத்தைப் பிரதி எடுத்து வீட்டில் பிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்தாள். அவளுடைய வீட்டுக்காரர் லாரிகளுக்கு நம்பர் பிளேட் எழுதுகிறவர். "கல்யாண போட்டோவ எடுத்துட்டுப் பெட்டி போட்டோவ மாட்டிடலாமா?" என்று அவர் கேட்டதற்கு மூன்று நாள் பேச்சுவார்த்தை இல்லை.

இப்படிப்பட்டவள் தலையில்தான் இடி விழுந்தது. இடியைக் கொண்டுவந்தது அவளுடைய சொந்தச் சம்பந்தி.

டிப்போவின் பின் மதிலை ஒட்டிய தெருவில்தான் அவள் மகளைக் கட்டிக் கொடுத்த வீடு. மகளின் மாமியாருக்கு வெண்கலத் தொண்டை. அந்த அம்மாள் அடுக்களையில் உப்பு எங்கே என்று கேட்டால் டிப்போவில் இரண்டு பேர் தேடுவார்கள். அந்த வீட்டில் ஒரு கிணறு உண்டு. குடிக்கக் குழாய்த் தண்ணீர், குளிக்கவும் துவைக்கவும் கிணறு. ஒருநாள் காலை அந்த அம்மாள் ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு டிப்போ வாசலுக்கே வந்துவிட்டாள்.

"சம்பந்தி, இதக் கொஞ்சம் மோந்து பாருங்க!"

சொட்டக்கா குனிந்தாள். முகர வேண்டிய அவசியமே இல்லை. தண்ணீரின் மேல் வண்ண வண்ணமாக ஒரு படலம் மிதந்தது.

"இதுல குளிச்சிட்டு அடுப்பு பத்த வச்சா நான் முழுசா வெளிய வருவேனா? உங்க மகளும் இதுலதான் குளிக்கிறா, ஞாபகம் வச்சுக்குங்க."

"சம்பந்தி, எங்க பம்புல இருந்து ஒரு சொட்டு..."

"அப்ப வானத்துலேருந்து கொட்டுச்சா? நீங்கதான் சிந்தியிருக்கீங்க. வேற யாரு?"

வாசலில் நின்ற டிரைவர்கள், காவலாளி, தெருவில் போனவர்கள் எல்லாரும் கேட்டார்கள். அந்தத் தொண்டைக்கு அது ஒன்றும் கஷ்டமில்லை. சொட்டக்காவுக்கு முகம் செத்துப்போனது. திருப்பிப் பேசத் தெரியாதவள் இல்லை. ஆனால் மகளின் பேரை இழுத்த பிறகு வாயைத் திறக்க மனசு வரவில்லை.

தெருவே சேர்ந்து புகார் கொடுத்தது. அரசாங்கத்திலிருந்து கம்பெனிக்கு நோட்டீஸ் வந்தது. கம்பெனி மண்ணைச் சோதிக்க ஒரு குழுவைக் கூட்டி வந்தது. அதற்குத் தலைமை ஓர் இன்ஜினியரம்மா. முப்பத்தைந்து வயசு இருக்கும், அதிகம் பேசாதவள். டிராக்டர் மாதிரி ஒரு வண்டியில் துளை போடும் இயந்திரம் வந்தது. முதலில் தரைக்கு அடியில் இருந்த டேங்கையும் குழாய்களையும் காற்றடைத்துச் சோதித்தார்கள். எங்கேயும் கசிவில்லை. பிறகு ஆறு இடத்தில் துளை போட்டு, ஒவ்வோர் அடிக்கும் மண் எடுத்து, கண்ணாடிப் புட்டிகளில் அடைத்து, சீட்டு ஒட்டினார்கள். ஐந்து துளைகளில் நல்ல மண். பம்புக்கும் பின் மதிலுக்கும் நடுவில் போட்ட ஆறாவது துளையில் எட்டடி ஆழத்தில் மண் சாம்பல் நிறமாக வந்தது. டீசல் வாடை மூக்கில் அடித்தது.

டிப்போ மேனேஜருக்கு அது போதும். "டேங்க் நல்லாருக்கு, குழாய் நல்லாருக்கு. அப்ப பம்புல போடும்போது சிந்துனதுதான் இறங்கியிருக்கு. தினம் கொஞ்சம் கொஞ்சமா, இருபத்தோரு வருஷம்!" என்று கணக்காகச் சொல்லிவிட்டார். மறுநாளே சொட்டக்கா கையில் ஒரு மெமோ. ஏன் வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று வெள்ளிக்கிழமை விசாரணையில் விளக்கம் சொல்ல வேண்டும். அதன் நகலை அறிவிப்புப் பலகையிலும் ஒட்டிவிட்டார் அந்தப் புண்ணியவான்.

வேலை போனால் வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம். சிந்துகிறவள் என்று பேர் எடுத்துக்கொண்டு வெளியே போவதா? அன்று வீட்டுக்குப் போய் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். வீட்டுக்காரர் கிண்டல் எதுவும் செய்யாமல் டீ போட்டுக் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நீ சிந்தலைன்னு எனக்குத் தெரியும்" என்றார்.

"உங்களுக்குத் தெரிஞ்சு என்ன பண்ண? மண்ணுக்குத் தெரியணுமே!" என்று அவர்மேல் எரிந்து விழுந்தாள். டீயைக் குடித்துவிட்டுத்தான் விழுந்தாள்.

புதன்கிழமை காலையில் நல்ல மழை. எட்டு மணிக்கு விட்டது. சொட்டக்கா பம்பைத் திறக்கும் முன் வழக்கம்போல வாய்ப்பெட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்தாள். காய்ந்து கிடந்தது. வெள்ளிக்கிழமை வரை இருக்கிற உரிமையில் ஒரு துடைப்பும் துடைத்தாள்.

பத்தடி தள்ளி இன்னொரு வாய்ப்பெட்டி உண்டு. முன்பு ஜீப்புகளுக்குப் பெட்ரோல் போட்ட பழைய டேங்கின் பெட்டி அது. எட்டு வருஷம் முன்னால் அந்த டேங்கில் மணல் கொட்டி மூடிவிட்டார்கள், பெட்டியை மட்டும் எடுக்காமல் விட்டுவிட்டார்கள். அதற்குள்ளிருந்து தவளை கத்தியது. மழை பெய்தால் அதில் விளிம்பு வரை தண்ணீர் நிற்கும், தவளைகள் குடும்பம் நடத்தும். "பார்த்துக்க ஆள் இல்லாத பெட்டி இப்படித்தான் நாறும்" என்று அவள் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறாள்.

அன்று அந்தத் தவளைச் சத்தம் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. மூடியைத் தூக்கினாள். தண்ணீர் ததும்பி நின்றது. திரும்பித் தன் பெட்டியைப் பார்த்தாள். மறுபடி இதைப் பார்த்தாள். இரண்டுக்கும் ஒரே மாதிரி மூடி. ஒரே நாள் வாங்கியவை. இரண்டிலும் ரப்பர் பட்டை தேய்ந்துபோய்ப் பல வருஷம் ஆகிறது. பெய்த மழையும் ஒரே மழைதான்.

கையிலிருந்த மூடியைத் தரையில் வைத்தாள்.

மழை டேங்கர்க்காரன் இல்லை. அவளைக் கண்டு பயந்து, தானே மொண்டு துடைத்துவிட்டுப் போவதற்கு. அவளுடைய பெட்டிக்குள்ளும் தண்ணீர் இறங்கித்தான் இருக்க வேண்டும். இறங்கின தண்ணீர் எங்கே? சரி, தண்ணீர் போன வழியில் டீசல் மட்டும் போகாமல் நிற்குமா? வாரத்துக்கு இரண்டு டேங்கர். தடவைக்கு இரண்டு மூன்று லிட்டர். பன்னிரண்டாயிரம் லிட்டரில் அது குறைந்தால் யாருக்குத் தெரியும், சூடு தணிந்து சுருங்கியிருக்கும் என்பார்கள். டேங்கர்க்காரன் மொண்டுவிட்டான் என்று இவள் நினைத்தாள். இவள் வந்து மொண்டுகொள்வாள் என்று அவன் போய்க்கொண்டே இருந்தான். இடையில் யாருமே மொள்ளவில்லை.

சொட்டக்கா அப்படியே ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டாள். அட கடவுளே, பிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்துக் கொண்டாடியது ஓர் ஓட்டையையா!

ஒரு லாரி ஹாரன் அடித்தது. "இருடா, உயிர் போகுதா!" என்று கத்திவிட்டு எழுந்தாள். இதை வாயைத் திறந்து சொன்னால், ஊரெல்லாம் பீற்றிக்கொண்ட பெட்டிதான் கிணற்றைக் கெடுத்தது என்று அவள் வாயாலேயே சொன்ன மாதிரி ஆகும். சொல்லாவிட்டால் சிந்தினவள் என்ற பேர். எந்தப் பக்கம் போனாலும் அடிதான். ஆனால் ஒன்றில் உண்மை இருந்தது. விறுவிறுவென்று நடந்து இன்ஜினியரம்மா வண்டி நின்ற இடத்துக்குப் போனாள்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும். அந்த வாய்ப்பெட்டி பக்கத்துல நீங்க ஏன் துளை போடல?"

"அங்க அடியில குழாய் போகுது. ரெண்டு மீட்டர் தள்ளித்தான் மெஷின் வைக்கலாம்னு விதி. ஏன் கேக்குறீங்க?"

"என் பெட்டியில தண்ணி நிக்கல."

"நிக்கலன்னா நல்லதுதானே?"

"நானும் இருபத்தோரு வருஷமா அப்படித்தான் நினைச்சேன். வந்து அந்தத் தவளைங்கள ஒரு பார்வை பாருங்க."

இன்ஜினியரம்மா இரண்டு பெட்டியையும் பார்த்தாள். அவள் கண் விரிந்ததைச் சொட்டக்கா கவனித்தாள். இன்ஜினியரம்மா டேங்கின் வாயை இறுக்கி மூடச் சொன்னாள். மேனேஜரையும் வரவழைத்தாள். பெட்டிக்குள் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, தண்ணீர் நின்ற மட்டத்தில் சாக்பீஸால் கோடு போட்டாள்.

டிரைவர்கள் வண்டியை விட்டு இறங்கி வந்து சுற்றி நின்றார்கள். ஐந்து நிமிஷத்தில் கோடு தண்ணீருக்கு மேலே தெரிந்தது. பத்து நிமிஷத்தில் ஒரு விரல்கடை. "ஆவியாப் போகுது" என்றார் மேனேஜர். "ஆமா சார், அடியில அடுப்பு எரியுது" என்றான் ஒரு டிரைவர். அரை மணி நேரத்தில் பெட்டியின் அடித்தட்டு தெரிந்தது. மூலையில் இரும்பும் இரும்பும் சேரும் இடத்தில், துருவுக்குள், நகம் நுழையும் அளவுக்கு ஒரு விரிசல். கடைசித் தண்ணீர் அதில் சுழித்து இறங்கியதை எல்லோரும் பார்த்தார்கள்.

பெட்டிக்குப் பக்கத்தில் கான்கிரீட்டை இயந்திரம் இல்லாமல் உளியும் சுத்தியலும் வைத்து உடைத்து, குழாயில் படாமல் மெதுவாகத் தோண்டினார்கள். முழங்கை ஆழம்கூடப் போகவில்லை. மண் கறுப்பாக, பிசுபிசுவென்று வந்தது. இன்ஜினியரம்மா கையிலிருந்த, டீசல் ஆவியைக் காட்டும் மீட்டரை அருகில் கொண்டுபோனதும் அது கீச்சென்று கத்தத் தொடங்கி நிறுத்தவே இல்லை. அடுத்து பம்பின் காலடியில் அதேபோல் தோண்டினார்கள். அங்கே வெறும் செம்மண். மீட்டர் வாயே திறக்கவில்லை.

"பம்புக்குக் கீழ சுத்தமா இருக்கு" என்றாள் இன்ஜினியரம்மா, எல்லோருக்கும் கேட்கும்படி. "இங்க யாரும் எதையும் சிந்தல."

சொட்டக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு விம்மினாள். டிரைவர்கள் கைதட்டினார்கள். அடக்க முடியாத அழுகை அது, அத்தனையும் சந்தோஷம்.

கதை இங்கேயே முடிந்திருக்கலாம். மேனேஜர் முடிய விடவில்லை.

வியாழக்கிழமை அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நாற்காலி போடச் சொன்னார். அதிலேயே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"பாருங்கம்மா, மெமோவ எடுத்துடறேன். வேலை உங்களுக்கு உறுதி. ரிப்போர்ட்ல மட்டும் காரணம் தெரியலன்னு இருக்கட்டும். அந்தப் பெட்டி எத்தன வருஷமா இப்படிக் காய்ஞ்சு கிடக்குன்னு சொல்ல உங்கள விட்டா ஆள் இல்ல, இன்ஜினியர்கிட்ட நீங்க அதப் பத்தி எழுதிக் குடுக்க வேண்டாம்."

"ஏன் சார்?"

"வருஷா வருஷம் பெட்டி நல்லாருக்குன்னு நான்தானே கையெழுத்துப் போட்டேன். காரணம் இதுன்னு எழுதுனா இருக்கிற மண்ணு பூரா தோண்டி எடுக்கணும், கிணத்தச் சுத்தம் பண்ணணும். எவ்வளவு வேலை! அதுவும் இல்லாம, தினம் அந்தப் பெட்டியத் திறந்து பார்த்தது யாரு? உங்க தலையும்தானே உருளும்?"

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் அவளைச் சுட்டது. சரி என்று தலையாட்டினால் போதும், நல்ல பேரோடு நாளையே பம்பில் நிற்கலாம். ஆனால் மதிலுக்கு அந்தப் பக்கம் மகள் அந்தத் தண்ணீரில்தான் குளிக்க வேண்டும். அடுத்த வருஷமும், அதற்கு அடுத்த வருஷமும். காரணம் தெரியவில்லையாமே, காரணம்!

"சார், நான் திறந்து பார்த்தத நானே சொல்லிக்கிறேன். நீங்க கையெழுத்துப் போட்டத நீங்க சொல்லிக்குங்க" என்று எழுந்துவிட்டாள். நாற்காலியைச் சுவரோரம் தள்ளிவிட்டு வெளியே நடந்தாள்.

வெள்ளிக்கிழமை விசாரணைக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்திருந்தார். வெள்ளைத் தலை, மெல்லிய பேச்சு. இன்ஜினியரம்மா புட்டிகளை வரிசையாக மேசையில் வைத்தாள். சொட்டக்கா தவளையிலிருந்து ஆரம்பித்து, 'மிக நன்று' வரைக்கும் ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். அதிகாரி குறுக்கே பேசாமல் கேட்டார்.

"இருபத்தோரு வருஷம் தினமும் பெட்டியத் திறந்தீங்க. ஒரு தடவையாவது கவனிச்சிருக்க வேண்டாமா?"

"கவனிச்சேன் சார். தப்பா கவனிச்சேன். காய்ஞ்சிருந்தா நல்லதுன்னு நானா முடிவு பண்ணிக்கிட்டேன். என்னைய வேலைய விட்டு எடுக்கணும்னா எடுங்க. ஆனா மெமோவுல சிந்துனேன்னு போட்டிருக்கு பாருங்க, அத அடிச்சிட்டு, கவனிக்கலன்னு எழுதிட்டு எடுங்க. அப்புறம் அந்த மண்ணத் தோண்டிடுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

மேனேஜர் மேசைமேல் இருந்த குண்டூசிகளை எண்ணிக்கொண்டிருந்தார். அதிகாரி மெமோவை எடுத்து இரண்டாகக் கிழித்தார்.

"தோண்டுறோம். திங்கட்கிழமையே. கிணறு சுத்தமாகிற வரைக்கும் அந்தத் தெருவுக்குத் தண்ணி லாரி நம்ம செலவு" என்றார். பிறகு மேனேஜர் பக்கம் திரும்பி, "நீங்க கொஞ்சம் இருங்க, உங்ககிட்ட தனியா பேசணும்" என்றார்.

வெளியே வந்தால் வாசலில் சம்பந்தி நின்றாள். இன்ஜினியரம்மா தெருவுக்கு ஏற்கெனவே விஷயத்தைச் சொல்லியிருந்தாள்.

"சம்பந்தி, உங்களப் போயி அப்படிப் பேசிட்டேனே!" என்று அந்த அம்மாள் கையைப் பிடித்துக்கொண்டாள். மெதுவாகச் சொல்வதாக நினைத்துச் சொன்னதுதான் அதுவும். டிப்போ பட்டறைக்குள் இருந்த ஆட்கள்வரை வெளியே எட்டிப்பார்த்தார்கள்.

"விடுங்க சம்பந்தி. டீசல் எங்க பக்கத்துலேருந்துதானே வந்துச்சு. நீங்க பாதி சரியாத்தான் சொன்னீங்க."

"மீதிப் பாதிய நான் தெரு முழுக்கச் சொல்லிடறேன்!" என்றாள் சம்பந்தி. சொல்லவும் செய்தாள், ஒரு வீடு விடாமல்.

தோண்டியதில் இருபத்தெட்டு லாரி கறுப்பு மண் போனது. பள்ளத்தின் ஓரத்தில் நின்று ஒவ்வொரு லாரியையும் பார்த்தாள் சொட்டக்கா. ஒவ்வொன்றுக்கும் வயிறு எரிந்தது, ஒவ்வொன்றுக்கும் நெஞ்சு லேசானது.

கம்பெனிக்கு வேறு ஊர்களில் இன்னும் ஐந்து டிப்போ உண்டு. அங்கேயும் பெட்டிகளில் தண்ணீர் ஊற்றிப் பார்க்க வேண்டும், யாரை அனுப்பலாம் என்று அதிகாரி கேட்டார். இன்ஜினியரம்மா யோசிக்கவே இல்லை, சொட்டக்காவைக் கைகாட்டினாள். கம்பெனி ஜீப்பில், முன் சீட்டில், வாளியை மடியில் வைத்துக்கொண்டு அவள் கிளம்பியதைப் பார்க்க வேண்டுமே! வீட்டுக்காரர் வாசலில் நின்று சல்யூட் அடித்தார்.

ஐந்து பெட்டிகளில் மூன்று ஓட்டை. மூன்றும் பொட்டு ஈரமில்லாமல் காய்ந்து கிடந்தவை.

அதில் கடைசி டிப்போவில் பம்ப் பார்த்தவர் நாற்பது வயசுக்காரர், வெள்ளை வெளேரென்று சட்டை போட்டிருந்தார். "நீங்களே பாருங்கக்கா, கையில ஒட்டாது" என்று பெருமையாகப் பெட்டியைத் திறந்தார். தண்ணீர் ஊற்றினார்கள். கோடு போட்டார்கள். தண்ணீர் இறங்க இறங்க அவர் முகமும் கூடவே இறங்கியது. கடைசியில் தரையில் உட்கார்ந்து தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"பதினோரு வருஷமா இதத் துடைக்கிறேங்க்கா. எனக்கு ஏன் தெரியல?"

சொட்டக்கா வாளியைக் கவிழ்த்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எனக்குத் தெரிய இருபத்தோரு வருஷம் ஆச்சு, தம்பி. உங்களுக்குப் பதினொண்ணுலயே தெரிஞ்சிடுச்சு. எழுந்திரிங்க, மம்பட்டி எங்க இருக்கு?"